குவிந்த திரையும் குழிந்த திரையும்

வளைந்த கேமிங் மானிட்டரில் இரண்டு வரலாறுகள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. திரையின் பரப்பு ஏன் வளைந்தது என்பது ஒன்று. ஒரு நொடிக்குள் எத்தனை முறை படம் மாற வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே சினிமாக் கொட்டகையில் பிறந்து, வீட்டுத் தொலைக்காட்சி, பிரவுசிங் சென்டர், கல்லூரி மாணவரின் மேசை என்று படிப்படியாக நகர்ந்து வந்தவை. சென்னையில் அறிமுகமான ஒரு திரை, சில ஆண்டுகள் கழித்தே சிவகிரி போன்ற ஊர்களுக்கு வந்து சேரும் என்பது நெடுங்கால வழக்கம். இணையத்தில் பணம் கட்டினால் சில நாளில் பெட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடும் இன்று அந்த இடைவெளி மறைந்துவிட்டது. பொருளைக் கண்ணால் பார்த்து எடைபோடும் வாய்ப்பும் கூடவே குறைந்துவிட்டது. அதனால் இந்தத் திரையின் நிறைகுறைகளை அது வந்த வழியிலிருந்து அறிந்துகொள்வதே வாங்குபவருக்கு நல்லது.

சிவகிரி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்த பழைய ஜமீன் ஊர். திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்து, பிறகு தனி வட்டத்தின் தலைமையிடமாகி, 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. மதுரை ஒரு பக்கம், திருநெல்வேலி இன்னொரு பக்கம் என்று இரண்டு பெரிய சந்தைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. இணையக் கடைகள் வருமுன், மின்னணுப் பொருள் எதுவானாலும் அந்த இரண்டில் ஒன்றிலிருந்தோ, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தோ வந்தாக வேண்டியிருந்தது.

நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கு பேசும்படம் வந்த பிறகு சினிமாவில் நிலைத்தது. ஒளி 24 முறை மட்டும் விட்டு விட்டு வந்தால் கண் அதைத் தாங்காது. அதனால் புரொஜக்டரின் ஷட்டர் ஒரே படத்தை இரண்டு முறை திறந்து மூடி, நொடிக்கு 48 ஒளிவெட்டுகளாக ஆக்கியது. மூன்று இதழ் கொண்ட ஷட்டரில் அது 72 ஆனது. படம் எத்தனை முறை மாறுகிறது என்பது ஒரு கணக்கு, ஒளி எத்தனை முறை மினுங்குகிறது என்பது வேறொரு கணக்கு என்ற உண்மை அப்போதே தெளிவாகிவிட்டது. இன்றைய மானிட்டர் விளம்பரங்களில் நேரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

வளைவு சினிமாவுக்குள் பெரிய அளவில் நுழைந்தது 1952 செப்டம்பர் 30 அன்று. நியூயார்க்கில் அன்று அறிமுகமான சினிராமா, மூன்று புரொஜக்டர்களை வைத்து 146 பாகை அகலத்துக்குப் படத்தை விரித்தது. திரை பார்வையாளரைச் சுற்றி உட்பக்கமாகக் குழிந்திருந்தது. சினிராமா படங்கள் நொடிக்கு 24 அல்ல, 26 படங்கள் என்ற வேகத்தில் ஓடின. காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. நேராகப் பார்க்கும்போது தெரியாத மினுக்கம், கண்ணின் ஓரத்தில் பட்டால் உடனே தெரிந்துவிடும். படத்தை அகலமாக்கி ஓரப் பார்வைக்குள் கொண்டுபோனால் வேகத்தையும் கூட்டியாக வேண்டும். வளைவும் வேகமும் ஒரே சிக்கலின் இரண்டு முனைகள் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை. வளைந்த கேமிங் மானிட்டரை மதிப்பிட இன்றும் இந்த ஒரு விதியே அடிப்படை.

சினிராமாவின் குறைகளும் இன்றைய திரையின் குறைகளுக்கு முன்னோடிகள். குழிந்த திரையின் இடப்பக்கத்தில் விழும் ஒளி எதிரே வலப்பக்கத்தின் மேல் சிதறிப் படத்தை வெளுக்கச் செய்தது. அதைத் தடுக்க, திரையை ஒரே துணியாக வைக்காமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பார்வையாளர் பக்கம் சாய்த்துக் கட்டினார்கள். இன்னொரு குறைக்குத் தீர்வே கிடைக்கவில்லை. நடு இருக்கையில் அமர்ந்தவருக்கு மட்டுமே படம் முழு உருவத்தில் தெரிந்தது. ஓர இருக்கைக்காரருக்குக் கோடுகள் கோணின. அடுத்த ஆண்டு வந்த சினிமாஸ்கோப் வளைவை மிகவும் குறைத்துக்கொண்டு, அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்'. தென் மாவட்டத்துத் திரையரங்குகளில் ஸ்கோப் லென்ஸ் மாட்டி அகலப்படம் ஓட்டும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான். டூரிங் டாக்கீஸ்களில் கடைசிவரை தட்டையான வெள்ளைத் துணியே திரை.

வீட்டுக்கு வந்த திரை எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தது. 1897இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கதிர்க்குழாயின் வழிவந்த பிக்சர் டியூபின் உள்ளே வெற்றிடம். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் பத்து டன் எடையோடு அதை அழுத்துகிறது. 21 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் வரும். தட்டையான கண்ணாடி அதைத் தாங்க மிகவும் தடிமனாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி எளிதாகத் தாங்கும். பார்ப்பவரின் வசதிக்காக யாரும் அதைக் குவித்து வைக்கவில்லை. கண்ணாடி உடையாமல் இருக்கக் குவிந்தது. இந்தக் குவிவால் ஜன்னல் வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் அதன் ஒரு துளி திரையில் தெரியும், மூலைகளில் நேர்க்கோடு வளையும். ஆனால் பாஸ்பரப் பூச்சு எல்லாத் திசையிலும் ஒளியை வீசியதால், அறையின் எந்த மூலையில் உட்கார்ந்தவருக்கும் நிறம் மாறாமல் தெரிந்தது. ஒரு வீட்டுத் தொலைக்காட்சியைத் தெருவே கூடிப் பார்த்த காலத்துக்கு இது பெரிய நன்மை.

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சாலிடேர், டயனோரா என்ற சென்னைத் தயாரிப்புகள் தமிழ்நாட்டு வீடுகளில் நன்கு அறியப்பட்ட பெயர்களாயின. 1982இல் வண்ணம் வந்தது. அதே ஆண்டில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோது, தென்கோடிக் கரையோர ஊர்களில் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து அதைப் பிடித்தார்கள். 1980களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையுச்சியில் எழுந்த உயர்திறன் ஒளிபரப்பு நிலையம்தான் தென் மாவட்டங்களின் உள்நாட்டு ஊர்களுக்குத் தெளிவான படத்தைக் கொண்டுவந்தது. அந்த ஒளிபரப்பு நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டாகப் பிரிந்து 50 முறை திரையில் வரையப்பட்டது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகவே அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்தவருக்கு மினுக்கம் அவ்வளவாகத் தெரியாது. கிட்டப் போய்ப் பார்த்த பிள்ளைகளைப் பெரியவர்கள் தள்ளி உட்காரச் சொன்னதில் நியாயம் இருந்தது.

குவிந்த கண்ணாடியைத் தட்டையாக்கும் முயற்சி முப்பது ஆண்டுகள் நடந்தது. 1968இல் சோனியின் டிரினிட்ரான் மேல்கீழாகத் தட்டையாகி, பக்கவாட்டில் மட்டும் வளைந்து, உருளையின் ஒரு துண்டு போல ஆனது. 1990களின் இறுதியில் முழுத் தட்டை முகம் கொண்ட பிக்சர் டியூப்கள் வந்தன. அப்போது 'ஃப்ளாட் டிவி' என்பதே விற்பனைக் குரல். வளைவு என்றால் பழையது, தட்டை என்றால் புதியது என்று ஒரு தலைமுறை நம்பியது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்குப் பிறகுதான் குவிந்த திரையின் மிகப் பெரிய அலை வந்தது. 2006 தேர்தல் வாக்குறுதியின்படி அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 2011 வரை கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகளைக் கொடுத்தது.  உலகச் சந்தை எல்சிடிக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓலைக் குடிசை வரை வண்ணப்படம் போய்ச் சேர்ந்தது பிக்சர் டியூப் வழியாகத்தான். 

கணினித் திரையின் கதை இதிலிருந்து பிரிகிறது. மானிட்டரை இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் எழுத்து ஓடுகிறது. அங்கே 60 ஹெர்ட்ஸ் மினுக்கம் கண்ணை உறுத்தும். 2000த்துக்குப் பின் மாவட்டத் தலைநகர்களிலும் பிறகு சிறு நகரங்களிலும் பெருகிய பிரவுசிங் சென்டர்களில் 15 அங்குல, 17 அங்குல பிக்சர் டியூப் மானிட்டர்கள்தான் இருந்தன. விவரம் தெரிந்த நடத்துநர்கள் விண்டோஸ் அமைப்புக்குள் போய், திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் ரெஃப்ரெஷ் ரேட்டை 60இலிருந்து 75க்கோ 85க்கோ ஏற்றிவைத்தார்கள். தலைவலி என்று வாடிக்கையாளர் சொன்னால் அதுதான் மருந்து. தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு விண்ணப்பம் ஆகியவற்றுக்கு நடுவே அதே மேசைகளில் ஐஜிஐ, வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகள் ஓடின. ரெஃப்ரெஷ் ரேட் என்ற சொல் தமிழ்நாட்டு இளைஞர்களின் காதில் முதலில் விழுந்தது பெரும்பாலும் இந்த மேசைகளில்தான்.

பிக்சர் டியூபில் விளையாட்டு அழகாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மின்னணுக்கற்றை தொட்ட புள்ளி மிகக் குறைந்த நேரம் ஒளிர்ந்து அணைந்துவிடும். அடுத்த சுற்று வரும்வரை அந்த இடம் இருட்டு. கண் ஓடும் உருவத்தைத் தொடர்ந்து நகரும்போது, இந்த இருட்டு இடைவெளி உருவத்தை இழுபடாமல் காக்கிறது. எல்சிடி வேறு விதமாக வேலை செய்கிறது. ஷாட், ஹெல்ஃப்ரிச் என்ற இருவர் 1970இல் காப்புரிமை கோரிய முறுக்கு நெமாட்டிக் முறையிலிருந்து வளர்ந்த அந்தத் திரை, ஒரு படத்தை வாங்கினால் அடுத்த படம் வரும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கும். மினுக்கம் ஒழிந்தது, தலைவலி குறைந்தது, மேசையில் இடம் மிஞ்சியது. ஆனால் 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி நொடி அப்படியே நிற்க, கண் மட்டும் நகர்ந்துகொண்டே இருப்பதால் உருவம் கண்ணுக்குள் தேய்கிறது. நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் உருவம் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். பிக்சல் எவ்வளவு விரைவாக நிறம் மாறினாலும் இந்த மங்கல் போகாது. அதைக் குறைக்க இரண்டே வழிகள்: படங்களுக்கு நடுவே இருட்டைப் புகுத்துவது, அல்லது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் சிவகிரிப் பக்கத்துப் பள்ளி மாணவர்களின் கையிலும் எல்சிடித் திரையைக் கொடுத்தது. அந்தத் தலைமுறை அறிந்த இயக்கம் 60 ஹெர்ட்ஸ். அந்தத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே மானிட்டர்களின் வேகம் கூடத் தொடங்கியிருந்தது என்பது வெளியே அதிகம் தெரியாது. அது கூடியதும் விளையாட்டுக்காக அல்ல, முப்பரிமாணத்துக்காக. 2009இல் என்விடியா அறிமுகப்படுத்திய 3டி விஷன் கண்ணாடிக்கு, இரண்டு கண்ணுக்கும் மாறி மாறி 60 வீதம் மொத்தம் 120 படங்கள் தேவைப்பட்டன. சாம்சங்கின் 22 அங்குல 2233ஆர்இசட் போன்ற 120 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் அதற்காகவே வந்தன. முப்பரிமாண ஆர்வம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே திரையில் சாதாரணமாக ஆடியவர்கள், இயக்கம் எவ்வளவு தெளிவு என்று கண்டுகொண்டார்கள். 2012 வாக்கில் 144 ஹெர்ட்ஸ் வந்தது. 2013 அக்டோபரில் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டு படத்தை வரைந்து முடிக்கும் தருணத்துக்காகத் திரை காத்திருந்து புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் 2015இல் சந்தைக்கு வந்து, அதே வசதியை மலிவான மானிட்டர்களுக்கும் கொண்டுசென்றது.

வளைவு திரும்பி வந்ததும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில். 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் சாம்சங்கும் எல்ஜியும் வளைந்த தொலைக்காட்சிகளைக் காட்டின. திரை இப்போது உட்பக்கம் குழிந்திருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் அவை கடைகளிலிருந்து மறைந்தன. பத்தடி தள்ளி, சோபாவில் மூன்று பேர், தரையில் நான்கு பேர் என்று உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் அந்தக் குழிவுக்குப் பயனே இல்லை. சினிராமாவின் ஓர இருக்கைச் சிக்கல்தான் வீட்டுக்குள்ளும் வந்தது. மேசையில் நிலைமை வேறு. ஒருவர், ஓர் இருக்கை, நேர் நடுவில். 2014இல் வந்த எல்ஜியின் 34 அங்குல 34யுசி97 இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது.

வளைவை ஆரத்தால் அளக்கிறார்கள். 1800ஆர் என்றால் 1800 மில்லிமீட்டர், அதாவது 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி. எண் சிறிதாகச் சிறிதாக வளைவு கூடும். 34 அங்குல அகலத்திரை சுமார் 80 சென்டிமீட்டர் அகலம். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், தட்டைத் திரையின் ஓரம் கண்ணிலிருந்து 81 சென்டிமீட்டரில் இருக்கும். அதைக் கண் ஏறத்தாழ 30 பாகை சாய்வில் பார்க்கும். 1800ஆர் வளைவில் ஓரத்தின் தூரம் 77 சென்டிமீட்டருக்கும் சாய்வு 18 பாகைக்கும் இறங்கும். 1000ஆர் வளைவில் 73 சென்டிமீட்டர், 9 பாகை. இது உண்மையான லாபம். 27 அங்குலத் திரைக்கு இதே கணக்கைப் போட்டால், தட்டையில் 76, 1500ஆர் வளைவில் 73. மூன்றே சென்டிமீட்டர். அந்த அளவுத் திரையில் வளைவு பெரும்பாலும் அலங்காரம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. 24 அங்குலத் திரையில் அது சொல்லிக்கொள்ளும்படி எதையும் தருவதில்லை.

வளைந்த மானிட்டர்களில் பெரும்பாலானவை விஏ எனப்படும் எல்சிடி வகைப் பேனல் என்பது தற்செயலாக நேர்ந்ததல்ல. பேனலின் கண்ணாடியை வளைத்தால் அதற்குள் இழுவிசை பிறந்து, ஒளியின் தளவிளைவை மாற்றி, கறுப்பாக இருக்க வேண்டிய மூலைகளில் வெளிச்சம் கசியும். ஐபிஎஸ் என்ற மற்றொரு எல்சிடி வகைப் பேனலில் இந்தக் கசிவு அதிகம், விஏவில் குறைவு. இன்னொரு பக்கம், விஏவைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். வளைவு ஓரத்தைக் கண்ணின் பக்கம் திருப்பிவிடுவதால் அந்தக் குறை மறைகிறது. வளைவுக்கு விஏ வேண்டும், விஏவுக்கு வளைவு வேண்டும் என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஐபிஎஸ்ஸின் ஒளிமாறுபாடு (கான்ட்ராஸ்ட்) 1000க்கு 1 என்றால், விஏவில் 3000க்கு 1 சாதாரணம். இருட்டு அறையில், இரவுக் காட்சிகள் நிறைந்த விளையாட்டில், இந்த ஆழ்ந்த கறுப்பு இந்தத் திரைகளின் தலையாய பலம். வளைவை விடவும்கூட இதுதான் பெரிய பலம் என்றே சொல்ல வேண்டும்.

குறைகளும் அதே பேனலிலிருந்துதான் வருகின்றன. விஏவின் திரவப் படிகம் முழுக் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு எழுந்துவர மிகவும் தயங்கும். மற்ற மாற்றங்கள் சில மில்லி நொடியில் முடிய, இது 20, 30 மில்லி நொடி கூட எடுக்கும். 144 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரமோ 6.9 மில்லி நொடி. மூன்று நான்கு படங்கள் கடந்துபோன பிறகும் பழைய இருட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டில் நிழலோரமாக ஓடும் உருவத்தின் பின்னால் கறுப்பு மை இழுத்தாற்போல் ஒரு வால் தெரிவது இதனால்தான். இதைச் சரிசெய்ய ஓவர்டிரைவ் என்ற அமைப்பைக் கூட்டினால், பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய், வாலுக்குப் பதில் வெளிறிய நிழல் தோன்றும். பெட்டியில் '1 மில்லி நொடி' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு சாதகமான மாற்றத்தின் அளவு, அல்லது பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிடும் முறையில் கிடைத்த வேறொரு அளவு. விஏவின் இருண்ட மாற்றங்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. திரைகளுக்குத் தரநிலை வகுக்கும் வெசா அமைப்பு 2022இல் கொண்டுவந்த கிளியர்எம்ஆர் சான்று மங்கலை நேரடியாக அளப்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

மற்றொரு குறை மினுக்கம். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இயங்கும்போது திரையின் வேகம் நொடிக்கு நொடி மாறுகிறது. வேகம் மாறும்போது பிக்சலின் ஒளியளவும் சிறிது மாறுகிறது. விஏவிலும், பிக்சல் தானே ஒளிரும் ஓஎல்இடி வகைத் திரையிலும், இருண்ட காட்சிகளில், விளையாட்டு ஏற்றப்படும் இடைவேளைகளில், திரை படபடப்பது தெரியும். அகலமான வளைந்த திரையில் அது ஓரப் பார்வையில் விழுவதால் இன்னும் கூடுதலாக உறுத்தும். 1952இல் சினிராமா எதிர்கொண்ட அதே கண்ணின் ஓரம்தான் இது.

வேகத்தில் கிடைக்கும் லாபமும் போகப் போகச் சுருங்குகிறது. 60 ஹெர்ட்ஸிலிருந்து 144க்குப் போனால் ஒரு படத்துக்கு 9.7 மில்லி நொடி மிச்சம். முன் சொன்ன 16 பிக்சல் மங்கல் ஏழாகக் குறையும். 144லிருந்து 240க்குப் போனால் மிச்சம் 2.8 மில்லி நொடி, ஏழு நான்காகும். 240லிருந்து 360க்குப் போனால் மிச்சம் 1.4 தான். முதல் படி எவர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது, போட்டி விளையாட்டில் பழகியவருக்குத் தெரியும். மூன்றாவதற்காகக் கொடுக்கும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவது மேல். ஏனெனில் 240 ஹெர்ட்ஸ் திரைக்கு நொடிக்கு 240 படம் வரைந்து தரும் கணினி இல்லையென்றால் அந்த எண் வெறும் எண்தான்.

2020இல் சாம்சங் ஒடிஸி ஜி7, ஜி9 என்ற வரிசையில் 1000ஆர் வளைவையும் 240 ஹெர்ட்ஸையும் ஒரே திரையில் வைத்தது. ஜி9 49 அங்குலம். இரண்டு 27 அங்குலத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். விஏவின் வேகக்குறையை வெகுவாகக் குறைத்த வரிசை என்பதால் இந்த வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. 27 அங்குலத்துக்கும் அதே 1000ஆர் வளைவைக் கொடுத்தது மிகை. 2022இல் ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ, 34 அங்குலம், 1800ஆர், 175 ஹெர்ட்ஸ் ஓஎல்இடித் திரையாக வந்து, இருண்ட மாற்றத்தின் தயக்கத்தையே இல்லாமல் ஆக்கியது. பிக்சல் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பு, மாற்றம் உடனடி. ஆனால் அசையாத படம் நெடுநேரம் நின்றால் தழும்பு விழும். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லாததால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும். வெளிச்சமான அறையில் அதன் கறுப்பு சாம்பல் பூத்துப்போகும்.

இந்தக் கடைசிக் குறை சிவகிரி போன்ற ஊருக்கு முக்கியமானது. பகலில் ஜன்னலும் கதவும் திறந்தே கிடக்கும் வீடுகளில் மேசை பெரும்பாலும் காற்று வரும் பக்கம் போடப்படுகிறது. அறை வெளிச்சம் வளைவுக்கும் சிக்கல்தான். குவிந்த பழைய திரையில் ஜன்னல் ஒரு சிறு புள்ளியாகத் தெரிந்தது. குழிந்த திரையில் அது பக்கவாட்டில் விரிந்து பெரிய பட்டையாக விழும். எதிரே ஜன்னல் இல்லாத சுவர் கிடைக்காவிட்டால் வளைவு அங்கே குறையாகவே முடியும். வெயில் ஒரு வகையில் நன்மை செய்கிறது. திரவப் படிகம் சூட்டில் இளகி விரைவாக நகரும், குளிரில் மந்தமாகும். விஏவின் கறுப்பு வால் குளிர்நாட்டு அறையில் இருப்பதைவிட இங்கே சற்றுக் குறைவாகவே தெரியும்.

வாங்குபவரின் தேவையும் மாறிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்து தரவு மலிந்த பிறகு, ஊர்ப்புற இளைஞர்களுக்கு விளையாட்டு என்றால் கைப்பேசிதான். பப்ஜி என்ற கைப்பேசி விளையாட்டு 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டு, பிஜிஎம்ஐ என்ற பெயரில் 2021 ஜூலையில் திரும்பியது. 90, 120 ஹெர்ட்ஸ் திரையை அவர்கள் முதலில் பார்த்தது கைப்பேசியில். அந்த வழவழப்புக்குப் பழகிய கண்ணுக்குப் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இடறும். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்ததும் இந்தத் திரைகளுக்கு ஒரு மரியாதையைத் தந்தது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோ அலுவலகத்தைச் சுற்றி மென்பொருள் வேலை செய்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இவர்களுக்கு அகலத்திரை இரண்டு சாளரங்களை அருகருகே வைக்கும் வசதி. எழுத்து வேலைக்கு வளைவு தடையில்லை. கட்டட வரைபடம், அச்சுப்பக்க வடிவமைப்பு போன்றவற்றுக்கு நேர்க்கோடு நேராகத் தெரிய வேண்டும். அங்கே தட்டை ஐபிஎஸ்ஸே சரி. வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படம் பார்ப்பதற்கும் வளைந்த திரை பொருந்தாது.

மலிவு விலையில் அதிகம் விற்கும் 32 அங்குல வளைந்த திரைகளில் 1920க்கு 1080 பிக்சல்தான் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 70 பிக்சல் கூடத் தேறாது. இரண்டடி தூரத்தில் தமிழ் எழுத்தின் சுழிகள் படிக்கட்டாகத் தெரியும். அந்த அளவுக்கு 2560க்கு 1440 குறைந்தபட்சம். வரியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கு 2019 ஜனவரி முதல் 18 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடும் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைகளும் 18க்கு இறங்கின. வளைவால் உண்மையில் பயன்பெறுவது அந்தப் பெரிய திரைகள்தான் என்பதால் இது சரியான இடத்தில் விழுந்த சலுகை.

பழுது நேர்ந்தால் செலவு பெரிது. பிக்சர் டியூப் காலத்தில் உள்ளூர் மெக்கானிக் ஒரு டிரான்ஸ்பார்மரையோ கெபாசிட்டரையோ மாற்றி அன்றைக்கே ஓடவைத்தார். வளைந்த பேனல் உடைந்தால் அதன் விலை மானிட்டரின் விலையை எட்டிவிடும். எனவே இணையத்தில் வாங்குபவர் பெட்டியைத் திறக்கும்போதே காணொளி எடுத்து வைத்து, முதல் நாளே முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களை ஓடவிட்டு டெட் பிக்சலையும் மூலை வெளிச்சத்தையும் பார்த்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் இருண்ட விளையாட்டு ஒன்றை இரவில் ஆடிப் பார்த்து, கறுப்பு வாலும் படபடப்பும் தன் கண்ணுக்கு எவ்வளவு உறுத்துகின்றன என்று தானே முடிவுசெய்ய வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் யுபிஎஸ் இல்லாமல் இணைக்கக் கூடாது. இன்னொன்று, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மாட்டினாலும் விண்டோஸ் பல நேரங்களில் அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். டிஸ்பிளே போர்ட் கேபிளைச் செருகி, டிஸ்பிளே அமைப்புக்குள் போய், ரெஃப்ரெஷ் ரேட்டைக் கையால் மாற்றிய பிறகுதான் கொடுத்த பணத்துக்கான திரை கிடைக்கும்.